வலப்பக்கம்

டிப்போ அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டுமென்று
நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கே வந்தார்.
நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து
"தோள் நேரா, தாடை கொஞ்சம் கீழே" என்றேன்,
யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல.
பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும்
அன்றுதான் அவர் முகத்தை
இருநூறு சதவீதத்தில் பார்த்தேன்.

இடது கன்னம்
பாலக்கோட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவனுடையது.
வலது கன்னம் அவனுடைய அண்ணன் யாரோ.
கண்ணோரம் கோழி கிளறிய மண்,
காது மடல்வரை பழுப்புத் திட்டு.
அவருக்கு அண்ணன் கிடையாது.

விளையாட்டாக
முகத்தை நடுவில் வெட்டி
இடதோடு இடதைச் சேர்த்தேன்.
வலதோடு வலதை.
ஒருவனுக்கு முப்பத்தொன்பது வயது.
இன்னொருவன் பென்ஷன் வாங்குகிறான்.

"கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடுங்க"
என்றுதான் எல்லோரும் கேட்பார்கள் எங்கள் கடையில்.
மௌஸால் ஒரு கோட்டை வலப்பக்கம் தள்ளினால் போதும்,
மொரப்பூர் மாப்பிள்ளை
ஊட்டியில் பிறந்தவர் ஆகிவிடுவார்.
இவர் கேட்டது,
"சீக்கிரம், பசிக்குது."

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன்.
தருமபுரியிலிருந்து ஓசூர்.
காலையில் வடக்கே போகிறார்,
கிழக்கு அவர் வலக்கைப் பக்கம்.
சாயங்காலம் தெற்கே திரும்புகிறார்,
மேற்கும் அவர் வலக்கைப் பக்கம்.
இடப்பக்க ஜன்னலுக்குத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள்
எப்போதோ போட்டு முடித்த கணக்கு இது.
டிரைவர்தான்
சீட்டு மாறி உட்கார முடியாது.

பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர்
திட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
பயப்பட ஒன்றுமில்லை என்றார்,
அதற்குள் நான் மூன்று சாமிக்கு வேண்டியிருந்தேன்.
"கண்ணாடிய ஏத்திட்டுத்தான் ஓட்டறேங்க."
"சுடறத கண்ணாடி தடுக்கும்.
வயசாக்கறது உள்ள வந்துரும்.
மேகம் போட்டாலும் வரும்."
கறுத்த தோலில் காவல் உண்டாம்.
காவல்காரனும்
பதினாறு வருடம் நின்றால் கண்ணயர்வானாம்.

மெடிக்கல் கடைப் பையன் சீட்டைப் பார்த்தான்.
"இதவிட வெள்ளையாகற மாதிரி ஒண்ணு இருக்குக்கா."
"வெள்ளையாக வேண்டாம் தம்பி.
இருக்கற நிறம் அப்படியே இருந்தா போதும்."
நானூற்று எண்பது ரூபாய்.
"ரெண்டு பேரும் அலுக்கற வரைக்கும்
மல்கோவா தின்னிருக்கலாம்"
என்றார் திரும்பும் வழியெல்லாம்.

பட்டாணி அளவு எடுத்தார்.
நான் அவர் விரலைப் பிடித்து
அடியிலிருந்து நுனிவரை, இரண்டு விரலுக்கு, கோடு இழுத்தேன்.
முகம், கழுத்து, மறக்காமல் காது.
கைக்குத் தனியாக.
கிளம்பக் கால்மணி முன்பு ஒரு தடவை.
அப்புறம் இரண்டு மணிக்கு ஒருமுறை,
அவர் வழியில் சொன்னால்
ஓசூரில் இறங்கி வேர்வையைத் துடைத்ததும்,
திரும்ப ஸ்டார்ட் பண்ணுமுன்பும்.

முதல் நாள் டிப்போவே சிரித்ததாம்.
"முனிரத்தினம், எந்த ஊர்ல கூத்து?
ராஜாவா, ராணியா?"
அதிகம் சிரித்தது கண்டக்டர் சேட்டு.
மூன்றாம் வாரம் ட்யூப் சட்டென்று மெலிந்தது.
யார் என்று கேட்டேன்.
"சேட்டுக்குப் பின்னங்கழுத்து எரியுதாம்"
என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

போன வெயில் திரும்பி வராது.
போட்டோவில் அந்தக் கோட்டை நான் தள்ளவில்லை.
முனிரத்தினம் இடது, முனிரத்தினம் வலது என்று
இரண்டு ஃபைல்
கடை கம்ப்யூட்டரில் இருக்கிறது,
முதலாளிக்குத் தெரியாமல்.

இரவில் இடப்பக்கம் சாய்ந்துதான் படுப்பார்.
பெண் பார்க்க வந்தவன் தலையணைக்குள் போய்விடுவான்.
மேலே தெரிவது வலது கன்னம்.
தெருவிளக்கில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.
அந்த அண்ணனுக்கும்
நான்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.